குதிகாலில் ஒரு துளி

பொங்கோலில் வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறுவோர் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைக் காணலாம். அப்பெயரின் முதலிரண்டு எழுத்துகள் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கமாகும். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். மாட்டுத் தொழிலை நம்பி நம்மவர் பலர் வாழ்ந்த தேக்கா வட்டாரத்தின் பழங்கோலம் அப்பெயரில் இன்றும் உறைந்து கிடக்கின்றது.

1924ஆம் ஆண்டு அவ்விடத்தில் 30 படுக்கைகளுடன் மகப்பேற்று மருத்துவமனை ஒன்று தொடங்கிற்று. 1966இல் அங்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 40,000 பேர். அஃது உலகச் சாதனையாகவே போற்றப்பட்டது. எனினும், நலமாகப் பிறந்த பிள்ளை சின்னாட்களில் காரணம் தெரியாமல் வாடி மடிவதும், வளர வளர அறிவு மங்குவதும் எல்லா நாடுகளிலும் இருந்த துயரங்களே. நம் பாட்டிமார் அவற்றை மாந்தம் என்றனர். சோதிடர் பாலாரிட்டம் என்றனர். உண்மைக் காரணமோ, குருதியில் கரைந்திருந்த ஒரு பொருளின் மிகையாகவோ குறையாகவோ இருந்திருக்கலாம். அதனை அளப்பதற்குத்தான் வழியில்லை.

அவ்வழி திறந்த வரலாறு ஒரு தாயின் பிடிவாதத்தில் தொடங்குகின்றது. 1934இல் நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி, அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளையும் மருத்துவர் ஃபோலிங்கிடம் கொண்டு சென்றாள். அவர்தம் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்தபோது எதிர்பாராத பச்சை நிறம் தோன்றிற்று. அந்நிறத்திற்குக் காரணமான பொருளைப் பிரித்தறிய அவருக்கு ஏறத்தாழ 20 லிட்டர் சிறுநீர் வேண்டியிருந்தது. உணவிலுள்ள பினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி அக்குழந்தைகளுக்கு இல்லை. அது தேங்கி மூளையைக் கெடுத்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1950களில் அவ்வமிலம் குறைந்த உணவு பயன் தரும் என்பதும் தெரிந்தது. ஆனால், மூளை கெடுமுன் கண்டறிந்தாலன்றி அவ்வுணவால் முழுப்பயன் இல்லை.

அமெரிக்கரான இராபர்ட் கத்ரி இதற்கு எளிய வழி கண்டார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, கசியும் குருதியை வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தி அனுப்பினால் போதும். 1963இல் அவர் வெளியிட்ட அம்முறையில், நுண்ணுயிர்களின் வளர்ச்சியே அளவுகோலாயிற்று. சிங்கப்பூரும் வாளாவிருக்கவில்லை. 1965 முதல் இங்குப் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் ‘ஜி6பிடி’ என்னும் நொதியின் குறைபாடு சோதிக்கப்படலாயிற்று. அக்குறையால் மிகும் மஞ்சட்காமாலை மூளையைத் தாக்குவது பெரிதும் குறைந்தது.

ஆயினும், ஒரு சோதனைக்கு ஒரு நோய் என்பதே அன்றைய நிலை. அதனை மாற்றியது நிறை நிறமாலைமானி. 1919இல் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அணுக்களின் நிறையைப் பகுத்தறியச் செம்மைப்படுத்திய கருவியின் வழித்தோன்றல் அது. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து, நிறைக்கேற்ப அவற்றைப் பிரிக்கும். இரு மானிகளைத் தொடராக இணைத்தால், முதலாவது ஒரு நிறையைத் தேர்ந்தெடுக்கும். நடுவில் அம்மூலக்கூறு உடைபடும். இரண்டாவது அத்துண்டுகளை அடையாளம் காணும். 1990ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மில்லிங்டனும் அவர்தம் குழுவினரும் கத்ரியின் வடிதாளை இக்கருவியோடு இணைத்தனர்.

வடிதாளிலிருந்து வெட்டியெடுக்கும் வட்டத்தின் குறுக்களவு 3 மில்லிமீட்டர். அதிலுள்ள குருதி, ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அதில் சில பொருள்கள் ஒரு மோலின் இலட்சம் கோடியில் ஒரு பங்களவே இருக்கும். இத்துணைச் சிறிதை எங்ஙனம் அளப்பது? ஒரு நெற்குவியலை எண்ண வேண்டுமெனில், நிறம் தீட்டிய நூறு மணிகளை அதில் நன்கு கலந்து ஒரு பிடி அள்ளுக. அப்பிடியில் நிற மணி ஐந்தும் வெறு மணி ஐம்பதும் இருந்தால், குவியலில் ஆயிரம் மணிகள் இருந்தன எனலாம். இடையே சிறிது சிந்தினாலும் விகிதம் மாறாது. அங்ஙனமே, கன ஐதரசன் சேர்ந்த, நிறை சற்று மிகுந்த அதே பொருளை அறிந்த அளவில் கலந்து, இரண்டின் விகிதத்தைக் கருவியால் காண்கின்றனர்.

கேகே மருத்துவமனையில் 2006ஆம் ஆண்டு இம்முறையிலான தேசியச் சோதனைத் திட்டம் தொடங்கிற்று. ஒரே துளியில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பிறவிக் குறைகளைத் தேட முடிந்தது. அவற்றுள் ஒன்று, கொழுப்பை எரிக்கும் நொதி ஒன்றின் குறைபாடு. அக்குறையுடைய குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். காய்ச்சலில் உண்ணாது நெடுநேரம் கிடந்தால் குருதியில் சர்க்கரை சரிந்து உயிரே போகலாம். அதைக் காக்கும் முறையின் தலையாய பகுதி யாது? பட்டினி கிடக்க விடாது வேளைதோறும் ஊட்டுதல்! ஊட்டுவதற்குத் தாய்மார் என்றும் ஆயத்தமாகவே இருந்தனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது செய்தி ஒன்றே.

மற்றொன்றும் நாம் கருதத்தக்கது. அளவு மிகுந்திருப்பினும் அதனை ஆய்வாளர் உடனே நோயெனத் தீர்ப்பதில்லை. மீண்டும் குருதி பெற்று, வேறு சோதனைகளாலும் உறுதி செய்கின்றனர். ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கண்டு ‘மந்தன்’ என்று ஒரு சிறுவனைக் கடைசி இருக்கைக்கு அனுப்பிய ஆசிரியர் நம்மிடையே இருந்ததுண்டு. இளமையில் யானும் அதனைச் செய்தவனே. அச்சிறுவனின் குறைக்குக் காரணம் யாதென அன்று யான் வினவவில்லை. 20 லிட்டரிலிருந்து ஒரு துளிக்கு வந்த இவ்வரலாறு, வினவாமல் தீர்ப்பளித்தல் தகாது என்பதை இன்று எனக்குக் கற்பிக்கின்றது. தேக்காவின் பழைய தொழுவத்தைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும்போது, அத்துளியின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாக.