பிள்ளை வேணுமா வேணாமா, யார் சொல்றது?

2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்று கொடுத்தது: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு. சிகிச்சையே இல்லையென்றால் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே எச்.ஐ.வி. உள்ள பெண்ணிடம் "உனக்குப் பிள்ளை எதுக்கு?" என்று கேட்க மருத்துவத்தில் இன்று காரணம் இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்வி மருத்துவத்திலிருந்து மட்டுமா வருகிறது? நமீபியாவில் எச்.ஐ.வி. உள்ள மூன்று பெண்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். பிரசவத்துக்குப் போன இடத்தில் கருத்தடை ஒப்பரேஷனும் செய்துவிட்டார்களாம். கையெழுத்து இருக்கிறதே என்றது அரச தரப்பு. வலியில் துடிக்கும்போது, 'பி.டி.எல்.' என்ற எழுத்துக்கள் என்னவென்று விளங்காமல் வைத்த கையெழுத்து. அது சம்மதமில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. (எச்.ஐ.வி.க்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் நிரூபிக்க முடியவில்லை.)

எங்களுக்கு இந்த எழுத்துக்கள் புதிதல்ல. ஹட்டன், நுவரெலியா பக்கம் லயத்தில் போய் 'எல்.ஆர்.டி.' என்று சொல்லுங்கள், வயதான அம்மாமாருக்கு உடனே விளங்கும். எச்.ஐ.வி. இங்கே பேச்சிலேயே இல்லாத 1980இல், கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது 500 ரூபாயானது. நாட் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது சின்னக் காசா? இலங்கையில் இந்த ஒப்பரேஷன் அதிகம் நடந்தது தோட்டப்புறத்தில்தான். மற்ற கருத்தடை முறைகளைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்த ஆளில்லை, படிவங்கள் சிங்களத்தில். போதாததற்கு டிஸ்பென்சரி தோட்டத்துடையது. பெரட்டுக்களத்தில் பெயர் போடுபவரும் டிஸ்பென்சரியில் இருப்பவரும் ஒரே நிர்வாகத்தின் ஆட்கள் என்றால் 'வேணாம்' என்று சொல்வது லேசில்லை.

விரும்பிச் செய்துகொண்டவர்களும் நிறையப் பேர். அதை மறைத்து எழுதினால் அதுவும் பொய்தான். ஆனால் "தோட்டத்தாள் கணக்கில்லாமல் பெத்துப் போடுவாள்" என்ற நினைப்பு அன்று உத்தியோகத்தர்களிடம் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்த நினைப்போடு இருக்கும் கிளினிக்குக்கு எச்.ஐ.வி. உள்ள ஒரு கொழுந்துப் பறிக்கும் பெண் கர்ப்பமாகப் போனால், அவளுக்கு முதலில் கிடைப்பது மருந்தா, புத்திமதியா?

எல்.ஆர்.டி. செய்துகொண்ட அம்மாமாரில் பலர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அன்று யார் வந்து கேட்டார்கள், என்ன சொன்னார்கள், காசு யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே பதிவுசெய்யப் பார்க்கிறோம். உங்கள் தோட்டத்தில் பேச விரும்புபவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பெயர் போட மாட்டோம்.