புயலுக்குப் பின் நின்ற ஓட்டம்

நியூயார்க் மாரத்தான் 1970-ல் சென்ட்ரல் பூங்காவுக்குள் 127 பேர் ஓடிய சிறிய பந்தயமாகத் தொடங்கியது. 1976-ல் பூங்காவை விட்டு வெளியே வந்து, ஸ்டேட்டன் தீவில் புறப்பட்டு நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டு வரும் ஓட்டமானது. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து எட்டு வாரம்கூட ஆகாத நிலையிலும் அது நின்றுவிடவில்லை. எது நேர்ந்தாலும் ஓட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை நகர நிர்வாகத்துக்கு அதில் பிறந்தது. 2012-ல் அந்த நம்பிக்கையே கண்ணை மறைத்தது.

அந்த ஆண்டு நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூஜெர்சியில் கரையைக் கடந்தது. பௌர்ணமியையொட்டிய ஓதமும் புயல் தள்ளிவந்த நீரும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ள, மன்ஹாட்டனின் தென்முனையில் கடல் தாழ்நீர் மட்டத்துக்கு மேல் 4 மீட்டருக்கும் அதிகமாக எழுந்தது. ஆற்றுக்கு அடியில் செல்லும் ரயில் சுரங்கங்கள் நிரம்பின. கீழ் மன்ஹாட்டன் இருளில் மூழ்கியது. குயின்ஸின் பிரீஸி பாயிண்டில் வெள்ளத்துக்கு நடுவே தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நகரில் இறந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் ஸ்டேட்டன் தீவுக்காரர்கள். பந்தயம் புறப்பட வேண்டிய இடமும் அதே தீவுதான்.

ஆனாலும் ஓட்டம் நடக்கும் என்று புதன்கிழமை மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அறிவித்தார். ஓட்டப்பந்தயத்தால் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருமானம் வரும், நகரம் நிமிர்ந்து நிற்பதை உலகம் பார்க்கும் என்பது அவர் வாதம். பந்தயத்தை நடத்தும் நியூயார்க் ரோடு ரன்னர்ஸ் அமைப்பின் தலைவர் மேரி விட்டன்பெர்க், அதையே நிவாரண நிதி திரட்டும் ஓட்டமாக்க முனைந்தார். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் 2001-ஐ அளவுகோலாகக் கொண்டது தவறு. அப்போது நகரம் துக்கத்தில் இருந்தது. இப்போதோ மக்கள் குடிநீரும் மின்சாரமும் இல்லாமல், காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேட்டன் தீவில் வெள்ளம் அடித்துச்சென்ற சிறுவர்கள் இருவரின் உடல்கள் வியாழக்கிழமைதான் சதுப்புநிலத்தில் கிடைத்தன.

கொதிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனவை ஜெனரேட்டர்கள். சென்ட்ரல் பூங்காவில் பத்திரிகையாளர் கூடாரத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த பெரிய ஜெனரேட்டர்களின் படம் வெள்ளிக்கிழமை நியூயார்க் போஸ்ட் இதழின் முதல் பக்கத்தில் வந்தது. அவை தனியார் வாடகைக்குத் தந்தவை என்ற விளக்கம் எடுபடவில்லை. நாள் கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு அவை யாருடையவை என்பது ஒரு கேள்வியே அல்ல. பந்தயப் பாதையைக் காக்கப் போகும் காவலர்கள் மீட்புப் பணியில் அல்லவா இருக்க வேண்டும் என்ற குரலும் வலுத்தது. ஸ்டேட்டன் தீவின் பகுதித் தலைவர் ஜேம்ஸ் மாலினாரோ வெளிப்படையாக எதிர்த்தார்.

வெள்ளிக்கிழமை பகல்வரை முடிவில் உறுதியாக நின்ற மேயர், அன்று மாலையே பந்தயத்தை ரத்து செய்தார். 1970-க்குப் பிறகு அது ரத்தானது அதுவே முதல் முறை. எதிர்பார்க்கப்பட்ட சுமார் 47,000 பேரில் பலர் வெளிநாடுகளிலிருந்து ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார்கள். புயல் ஓய்ந்த மறுநாளே சொல்லியிருந்தால் அவர்களில் பலர் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள். தீவு மக்களும் தங்களை நகரம் மறந்துவிட்டதாகக் குமுறியிருக்க மாட்டார்கள். ரத்து செய்தது சரியான முடிவு, தாமதித்ததே பிழை.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் முதுகுப்பைகளில் நிவாரணப் பொருள்களுடன் படகேறி ஸ்டேட்டன் தீவுக்குப் போய், வீதி வீதியாக ஓடிக் கொடுத்தார்கள். வேறு பலர் சென்ட்ரல் பூங்காவில் தாங்களாகவே ஓடினார்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது அடுத்துவரும் ஆண்டுகளில் ஓட இடம் பெறலாம் என்று டிசம்பரில் அமைப்பு அறிவித்தது. 2013 நவம்பர் 3 அன்று பந்தயம் மீண்டும் நடந்தபோது, 50,000-க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தார்கள்.