கவரப்பேட்டைக்கு ரயிலில் போன பேக்கேஜ்கள்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்கு திருவள்ளூர் பக்கத்துல இருக்கற காக்களூரில்தான் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டமும் அதே நாள்தான். எங்க மாவட்டத்துல பல வீட்டுல அந்த மிக்ஸி இன்னும் ஓடுது. ஆனால் அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேணும்னு ஒரு கேள்வி வருமே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியல. ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ்.

பாஸ் வெளியூர் சரக்கு இல்லை. 2005-ல் சி-டாக்கின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்காக என்ஆர்சிஃபாஸ் என்ற தேசிய வள மையத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 2007-ல் வந்ததுதான் பாஸ். அதே காலகட்டத்தில் சி. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஆக, தமிழ்நாட்டு அரசுக்கு லினக்ஸ் 2011-ல் புதுசு இல்லை. பிள்ளைகளுக்குத்தான் புதுசு.

இந்தக் கட்டுரை லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா என்ற பழைய சண்டை பற்றியது இல்லை. அந்த லேப்டாப்பில் இல்லாத ஒரு மென்பொருளை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பது பற்றியது. கேட்கச் சின்ன விஷயம். அதற்கு முப்பது வருஷ வரலாறு இருக்கு, அதில் கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயினும் கொஞ்சம் வரும்.

ஆரம்ப காலத்தில் யூனிக்ஸ் மெஷினில் வெளியாள் எழுதிய புரோகிராமைப் போட வேண்டுமென்றால், மூலநிரலை டேப்பிலோ எஃப்டிபி மூலமாகவோ வாங்கி, மேக் ஃபைலை உங்கள் மெஷினுக்கு ஏற்றபடி திருத்தி, கம்பைல் செய்து, யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற டைரக்டரிக்குள் தள்ள வேண்டும். போடுவதற்கு வழி உண்டு, எடுப்பதற்கு வழி கிடையாது. எந்த ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்பதற்குக் கணக்கே இருக்காது.

இந்தக் கணக்கை எழுதி வைக்கும் வேலையைத்தான் பேக்கேஜ் மேனேஜர் செய்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ஜோர்டன் ஹப்பர்ட் 1993 ஆகஸ்டில் பேக்கேஜ் கருவிகளைச் சேர்த்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் 'போர்ட்ஸ்' வந்தது. இது அழகான ஏற்பாடு. ஒவ்வொரு வெளி மென்பொருளுக்கும் ஒரு சின்ன சமையல் குறிப்பு: மூலநிரல் எங்கே கிடைக்கும், என்ன ஒட்டு போடணும், முன்கூட்டியே வேற என்ன இருக்கணும். குறிப்பு இருக்கும் டைரக்டரிக்குப் போய் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது அடிப்படை சிஸ்டத்தையும் வெளிச் சரக்கையும் கண்டிப்பாகப் பிரித்து வைப்பது. வெளியிலிருந்து வந்த எல்லாம் யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள்தான் இருக்கும். வீட்டுக்குள் விருந்தாளிக்குத் தனி ரூம் மாதிரி. 1997-ல் நெட்பிஎஸ்டிக்காரர்கள் இதை எடுத்து பேக்கேஜ்சோர்ஸ் என்று வளர்த்தார்கள்.

லினக்ஸ் பக்கம் கதை வேறு. அங்கே கெர்னல், ஷெல், எடிட்டர் எல்லாமே ஏதோ ஒரு வெளியாளிடமிருந்து வந்தவை. எல்லாமே பேக்கேஜ். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனுக்கு டிபிகேஜி, ரெட் ஹாட்டுக்கு ஆர்பிஎம். இரண்டுமே கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தன. ஆனால் ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொரு பேக்கேஜ் இல்லையென்றால், "இது வேணும்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். போய் எடுத்து வராது.

அந்த "இது வேணும்" எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை நான் 2002-ல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கற்றுக்கொண்டேன். பிஇ முடித்த நேரம் ஐடி கம்பெனிகளில் ஆள் எடுக்கவில்லை. ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலையில் 'சிஸ்டம் பார்க்கும் பையன்' வேலை. மொத்தம் 6 கம்ப்யூட்டர், ஒரு டயல்-அப் இணைப்பு. ஃபைல்களுக்கும் பிரிண்டருக்கும் பொதுவாக ஒரு பழைய பென்டியத்தில் ரெட் ஹாட் 7.2 போட்டிருந்தேன். புதுசாக வந்த எக்ஸ்பி மெஷின்களுக்காக சாம்பாவின் புதிய பதிப்பைப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. எனக்காகத் தோன்றியது, அவ்வளவுதான்.

டயல்-அப்பில் நொடிக்கு 4, 5 கேபி வந்தால் பெரிய விஷயம். 10 எம்பி இறங்க 40 நிமிஷம். நடுவில் யாராவது போனை எடுத்தால் போச்சு. ஒரு முழு சிடியை அப்படி இறக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40 மணி நேரம். அதனால் பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆர்பிஎம் ஃபைல்களை இறக்கி, துண்டு துண்டாக வெட்டி, 1.44 எம்பி ஃப்ளாப்பிகளில் எடுத்து வந்தேன். அஞ்சு ஃப்ளாப்பியில் நாலாவது படிக்கவில்லை. மறுநாள் மறுபடி போனேன். ஒருவழியாக ஃபைல்களைச் சேர்த்துப் போட்டால், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் வேறு பதிப்பு வேணுமாம். அதைக் கொண்டுவந்தால் அது ஜிலிப்சியின் புதிய பதிப்பைக் கேட்டது. ஜிலிப்சி என்பது மெஷினில் இருக்கும் அத்தனை புரோகிராமும் நிற்கும் அஸ்திவாரம். ஜன்னல் மாற்ற வந்தவனிடம் அஸ்திவாரத்தைத் தோண்டு என்கிறது.

நான் தோண்டவில்லை. அதைவிட மோசமான வேலை ஒன்று செய்தேன். ஆர்பிஎம்மில் சார்புகளைப் பார்க்காதே, வற்புறுத்திப் போடு என்று சொல்வதற்கு இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. இரண்டையும் கொடுத்தேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. மறுநாள் காலை 8 மணிக்கு டெஸ்பாட்ச்சில் டெலிவரி சலான் பிரிண்ட் ஆகவில்லை. லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. அங்கே இருந்த மூத்தவர் ஒருவர் என்னைத் திட்டக்கூட இல்லை. கார்பன் பேப்பர் எடுத்து, கையால் சலான் எழுதி, லாரியை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அதுதான் அதிகமாக உறைத்தது.

இந்த நரகத்துக்கு டெபியனில் மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-ல் ஆப்ட் இருந்தது. நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் போதும். அதற்கு என்ன வேணும், அதற்கு அடுத்தது என்ன வேணும் என்று சங்கிலி முழுவதையும் தானே கணக்கிட்டு எல்லாவற்றையும் எடுத்து வரும். எங்கிருந்து? சர்வரிலிருந்து. ஆப்டின் அழகு முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: மெஷினுக்கு எப்போதும் இணைய இணைப்பு இருக்கும். சிடி வழியும் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2002-ல் வந்த டெபியன் 3.0 மொத்தம் 7 சிடி. ஒவ்வொன்றாக உள்ளே போட்டு ஆப்டிடம் அறிமுகம் செய்து வைக்கலாம். சென்னை லினக்ஸ் குழு நண்பர்களிடம் சிடி காப்பி வாங்கி மூர்மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிய சனிக்கிழமைகள் எனக்கு உண்டு. என்ன, நாளைக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அந்தச் சிடியில் இருக்காது.

இனி 2012-க்கு வருகிறேன். அப்போது நான் அம்பத்தூரில் இருந்தேன், வீட்டில் பிராட்பேண்ட் வந்துவிட்டது. கவரப்பேட்டையில் அக்கா மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அரசு லேப்டாப் வந்திருந்தது. விண்டோஸ் பக்கம் யார் யார் பென்டிரைவோ நுழைந்து, வைரஸ் வந்து, திறக்கவே இல்லை. பிராக்டிகல் தேர்வுக்கு ஒரு மாசம்கூட இல்லை. "மாமா, இந்த இன்னொண்ணுல சி பிளஸ் பிளஸ் வருமா?" என்று போனில் கேட்டாள். வீட்டில் இன்டர்நெட் கிடையாது.

இங்கேதான் ஆப்ட்-ஆஃப்லைன் வருகிறது. இதை எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சராஃப், டெபியனில் பங்களிக்கும் இந்தியர். முதலில் பைப்ட்-ஆஃப்லைன் என்ற பெயரில் இருந்தது. இப்படி ஒரு கருவி இந்தியாவிலிருந்து ஒருவர் கையில் உருவானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இணைப்பு இல்லாத மெஷினில் இன்ன பேக்கேஜ் வேணும் என்று சொன்னால், அது சங்கிலி முழுவதையும் கணக்குப் போட்டு ஒரு பட்டியல் ஃபைல் தரும். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. ஒவ்வொரு சாமானுக்கும் எங்கே கிடைக்கும், என்ன அளவு, அதன் செக்சம் என்ன என்பது அதில் இருக்கும். சீட்டைப் பென்டிரைவில் எடுத்துப்போய் இணைப்பு உள்ள எந்த மெஷினிலும் கொடுக்கலாம், விண்டோஸாக இருந்தாலும் சரி. அது எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஜிப்பாகக் கட்டித் தரும். திரும்பி வந்து ஜிப்பைக் கொடுத்தால் ஆப்ட் செக்சம்மைச் சரிபார்த்துவிட்டு நிறுவும்.

அந்தச் சரிபார்ப்புதான் முக்கியம். 2007-ல் வந்த டெபியன் 4.0 முதல் இது இன்னும் இறுக்கமானது. பேக்கேஜ் பட்டியலின் மேல் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் கைரேகை இருக்கும். அதனால் ஃபைல் எந்த அழுக்குப் பென்டிரைவில் வந்தாலும், எந்த பிரவுசிங் சென்டரைத் தாண்டி வந்தாலும், நடுவில் ஒரு எழுத்து மாறியிருந்தால் தெரிந்துவிடும். அதே வீட்டில், அதே லேப்டாப்பின் விண்டோஸ் பக்கத்தைக் கவிழ்த்தது அதே மாதிரி ஒரு பென்டிரைவ்தான்.

முதல் தடவை பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கச் சீட்டு, இரண்டாம் தடவை கம்பைலருக்குச் சீட்டு. அம்பத்தூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆப்ட்-ஆஃப்லைனே அந்த லேப்டாப்பில் கிடையாது என்பதால் அதைத் தனியாக எடுத்துப்போய் டிபிகேஜியால் போட்டேன்.

ஜி பிளஸ் பிளஸ் வேலை செய்தது. அவள் பாடப்புத்தகத்தில் இருந்த முதல் புரோகிராமை அடித்தாள். மூன்று பிழை. 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்' என்று ஒரு ஃபைலே இல்லை. 'கோனியோ.ஹெச்' இல்லை. மெயின் ஃபங்ஷன் 'வாய்ட்' ஆக இருக்கக்கூடாது. கம்பைலர் சொன்னது அத்தனையும் சரி. சி பிளஸ் பிளஸுக்கு ஐஎஸ்ஓ தரம் வந்தது 1998-ல். பள்ளிக்கூட லேபும் புத்தகமும் அதற்கு முந்தைய டர்போ சி பிளஸ் பிளஸ் காலத்திலேயே நின்றுவிட்டன. நான் தரத்தைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எக்ஸ்டர்னல் வர்றவங்க புக்ல இருக்கற மாதிரிதானே மாமா பார்ப்பாங்க?" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு. இந்த முறை சீட்டில் டாஸ்பாக்ஸ், அதற்கு வேண்டிய லைப்ரரிகள். டர்போ சி பிளஸ் பிளஸ் 1.01-ஐ போர்லண்டே பழைய சரக்கு என்று இலவசமாகக் கொடுத்திருந்தது, அதையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். லினக்ஸுக்குள் டாஸ், டாஸுக்குள் டர்போ. அந்த நீலத் திரை வந்ததும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. ஸ்கூல்ல இருக்கறது இதேதான் என்றாள்.

அடுத்த வாரம் அக்கா போன் பண்ணினாள், அந்தப் பென்டிரைவ் வேணுமாம். கிளாஸில் இன்னும் மூணு பிள்ளைகளுக்கு வேண்டும். எல்லா லேப்டாப்பிலும் ஒரே அச்சில் வார்த்த பாஸ்தான் இருந்தது. அதனால் ஒரு மெஷினுக்குப் போட்ட சீட்டு மற்றதுக்கும் அப்படியே பொருந்தியது. டெப் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, மொத்தத்தையும் டிபிகேஜியிடம் கொடுக்கும் ஒரு வரிக் கட்டளையை அவளே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். நான் நாலாவது ஞாயிறு போக வேண்டியிருக்கவில்லை.