மாட்டு வண்டியில் வந்த நூலகம்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது ஹாஸ்டல் கலாட்டாக்களைத்தான் எழுத நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் ஊர் நூலகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு பகுதிநேர நூலகம்: ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, மூன்று பீரோ. சாயங்காலம் நூலகர் அண்ணாச்சி சைக்கிளில் வந்து திறப்பார். எழுத்து தெரியாத பனையேறித் தாத்தாக்களுக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஓலைப்பெட்டி முடையும் அக்காமார் ஆம்பிளைகள் இருக்கும் இடத்துக்கு வரக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு நாவல்களை என் கையில் கொடுத்தனுப்புவார். "அவங்க வரலேன்னா நாமதாம்ல கொண்டு போணும்" என்பார்.

இந்தக் கொள்கைக்கு ஒரு முன்னோடி உண்டு, அவரும் நம்மைப் போல் ஒரு இன்ஜினியர் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது. மன்னார்குடி பக்கத்து மேலவாசல் கிராமத்துக் கனகசபை அவர்கள்! மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1931 அக்டோபர் 21 அன்று அந்த வண்டி புறப்பட்டது. தொடங்கி வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளரவமே இல்லாத அந்த நூலகத்தில் உட்கார முடியாமல், சில நாளிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் போய், "என்னை வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று நின்றாராம். நல்ல வேளை, லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வருகிறதே! 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் நூற்பகுப்பு முறைக்கு இதுதான் வித்து. மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்.

வண்டி புறப்பட்ட அதே 1931-ல்தான் நூலகவியலின் ஐந்து விதிகளையும் நூலாக்கினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே, பூட்டி வைக்க அல்ல என்பது முதல் விதியின் சாரம். விதி எழுதியதோடு நிற்காமல் சட்டத்துக்காகவும் பாடுபட்டார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று வரி ரூபாய்க்கு 10 காசு. ஆக, ஊர் நூலகம் சர்க்கார் போடும் பிச்சையல்ல, நம்ம காசு.

ஊர்ப் பணத்தில் புத்தகம் என்பது நம் கரைக்குப் புதிதும் அல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழ் அச்சுக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பணம் கொடுத்தார்கள். ஹென்றிக்ஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 1586-ல் பக்கத்துப் புன்னைக்காயலில் அச்சானதாக அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைப் பார்க்க இன்று வாடிகன் நூலகத்துக்குப் போக வேண்டும், அது வேறு கதை.

2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகங்கள் கிடைத்தன. நல்ல காரியம். ஆனால் பல ஊர்களில் பின்னால் பூட்டுத்தான் தொங்கியது. கட்டடம் கட்டுவது என் தொழில், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: செங்கல்லுக்குக் கணக்குப் போட்டார்கள், சைக்கிளில் வரும் மனுஷனுக்குக் கணக்குப் போடவில்லை.

1,000 ரூபாய் கட்டினால் எந்தக் கிளை நூலகத்திலும் புரவலர் ஆகலாம். இந்த மலரைப் படிக்கும் சீனியர்களுக்கு அது பெரிய தொகை இல்லை. ஸ்டூடன்ட்ஸ் உறுப்பினராகச் சேர்ந்தாலே போதும். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானும் கட்டினேன். ரசீது எழுதியவர் புது நூலகர், சின்ன வயசுப் பெண். ஓய்வு பெற்ற அண்ணாச்சியைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன சார்? நான் திறக்கதுக்கு முந்தியே வந்து வாசல்ல நிக்காரு."