இரண்டாவது டிஸ்க் போகமுதல்

யாழ்ப்பாணப் பொது நூலகம் எண்டால் எல்லாருக்கும் 1981தான் ஞாபகம். மே 31 இரவு தொடங்கிய எரிப்பு, ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏடுகள். அதுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி எங்கட வயதுக்காரர் குறைவாத்தான் கதைக்கிறம். 1982இல் நூலக வாரம் நடத்தி சனம் ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்துக் குடுத்தது. 1984 அளவில் கட்டடம் திரும்ப எழும்பி வந்தது. 1985இல் பக்கத்துப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்ட பிறகு படையினர் அரைகுறையாய் மீண்டிருந்த நூலகத்துக்குள் புகுந்து குண்டு வெடிக்க வைத்தார்கள். சேர்த்த புத்தகங்களும் போச்சுது. அடுத்த மீள்கட்டுமானம் தொடங்க 1998 ஆனது.

முதல் அடியில் பறிபோனதை நிரப்பி முடிக்கமுதல் இரண்டாவது அடி விழுந்தது. கலைப்பீட மாணவி ஒருத்தி ஹார்ட் டிஸ்க் பற்றி எழுதுறதுக்குக் காரணம் இதுதான். இண்டைக்கு பழைய பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வீட்டில நாலு டிஸ்க் போட்ட ஒரு சின்ன சேர்வரில் வைக்கிற ஆக்கள் எங்களுக்குள்ளயே இருக்கினம். "ஒரு டிஸ்க் செத்தாலும் பிரச்சினை இல்லை, றெய்ட் போட்டிருக்கு" எண்டு சொல்லுவினம். செத்த டிஸ்க்கை மாத்தி, புதுசு நிரம்பி முடியுற வரைக்குமான நேரத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லுறதில்லை. அதைத்தான் றீபில்ட் எண்டுறது.

றெய்ட் எண்ட யோசனை பிரபலமானது கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில். டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி கற்ஸ் மூவரும் 1987 கடைசியில் எழுதி 1988இல் வெளியிட்ட கட்டுரை அது. அப்ப பெரிய கணினிகளில் ஐபிஎம் 3380 மாதிரி ஒரு பெரிய, விலைகூடின டிஸ்க் இருக்கும். அதுக்குப் பதிலா பிசிக்கு எண்டு செய்த 100 மெகாபைட் கொனர் டிஸ்க்குகளை ஒண்டாகக் கட்டினால் என்ன எண்டு கேட்டார்கள். ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் எண்டு வைத்தால், 100 டிஸ்க்கில் ஏதோ ஒண்டு 300 மணித்தியாலத்துக்கு ஒருக்கா சாகும். ரெண்டு கிழமைகூட இல்லை.

அதனால் மேலதிகமாக ஒரு கணக்கு வைத்தார்கள். மூண்டு டிஸ்க்கில் 7, 4, 9 இருக்குதெண்டால் நாலாவதில் 20 எண்டு எழுதுறது. 4 போனாலும் 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து எடுக்கலாம். (உள்ளுக்கு நடக்கிறது கூட்டல் இல்லை, எக்ஸ்ஓஆர். ஆனால் விசயம் இதுதான்.) ஒண்டை மீட்க மற்ற எல்லாத்தையும் வாசிக்க வேணும். வாசிக்கிற நேரத்தில் இன்னொண்டு செத்தால் ரெண்டுமே வராது.

அந்தக் கட்டுரையின் கணக்கில் எனக்குப் பிடிச்ச இடம், முழுத் தொகுதியின் ஆயுள் திருத்துற நேரத்துக்கு நேர்மாறாக வருகிறது எண்டது. திருத்துற நேரத்தைப் பாதியாக்கினால் ஆயுள் இரட்டிக்கும். திருத்த 1 மணித்தியாலம் எண்டு அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் காலத்துக்கு நியாயமானது. 100 மெகாபைட் டிஸ்க், செக்கனுக்கு 1 மெகாபைட் வேகம், 100 செக்கனில் டிஸ்க் நிரம்பிவிடும். இப்ப 20 டெராபைட் டிஸ்க் ஒண்டை எடுங்கோ. செக்கனுக்கு 250 மெகாபைட் எண்டு தாராளமாக வைத்தாலும் 80,000 செக்கன், அதாவது 22 மணித்தியாலம். கொள்ளளவு 200,000 மடங்கு கூடினது, வேகம் 250 மடங்குதான் கூடினது. மிச்சம் முழுக்க றீபில்ட் நேரத்தின் தலையில் விழுந்திருக்கு.

இதை ஆய்வாளர்கள் கெதியாகவே கண்டார்கள். 1990இல் மண்ட்ஸ், லூயி எண்ட இருவரும், 1992இல் ஹொலண்டும் கிப்சனும் ஒரு வழிக்கு அடித்தளம் போட்டார்கள். பழைய முறையில் எல்லா டிஸ்க்கும் வாசிக்கும், ஆனால் எழுதுறது ஒரே ஒரு புது டிஸ்க். கூப்பன் கடையில் ஒரு ஆள் மட்டும் நிறுக்கிற மாதிரி, வரிசை எவ்வளவு நீண்டாலும் கை ஒண்டுதான். அதுக்குப் பதிலா தரவையும் கணக்கையும் நிறைய டிஸ்க்கில் சிதறி வைத்து, வெற்றிடத்தையும் எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால், மீட்கிற வேலையை எல்லாரும் பங்குபோடலாம். ஊர்கூடித் தேர் இழுக்கிறதுதான். ஓப்பன்இசட்எப்எஸ்ஸில் இது வந்தது 2021இல், 2.1 பதிப்பில் டிறெய்ட் எண்ட பெயரில். உண்மையைச் சொன்னால் நாலு டிஸ்க் வைத்திருக்கிற ஆளுக்கு அதால் பெரிய பிரயோசனம் இல்லை. தேர் இழுக்க ஆள் வேணும்.

நாலு டிஸ்க்காரருக்கு உதவினது சின்னச் சின்ன மாற்றங்கள். இசட்எப்எஸ் வெறும் இடத்தை விட்டுட்டு தரவு இருக்கிற பகுதியை மட்டும் மீட்கும். 2019இல் வந்த 0.8 பதிப்பு அதை டிஸ்க்கின் ஒழுங்கில் வாசிக்கவும் பழக்கினது, தலை அங்கயும் இங்கயும் ஓடுறது குறைஞ்சுது. லினக்ஸின் எம்டியில் 2005 அளவில் பிற்மப் வந்தது. வயர் இளகி ஒரு டிஸ்க் விலகித் திரும்ப வந்தால், இடையில் மாறின பகுதியை மட்டும் எழுதினால் போதும். 22 மணித்தியாலம் சில நிமிசமாகும்.

எம்டி வைத்திருக்கிற ஆக்கள் பார்க்க வேண்டியது ஸ்பீட்_லிமிற்_மின் எண்ட எண். வழமையாக அது 1000, செக்கனுக்கு 1000 கிலோபைட். ஆரும் சேர்வரைப் பாவிக்கும்போது றீபில்ட் அந்த அளவுக்கு இறங்கலாம். அந்தப் பழைய கொனர் டிஸ்க்கின் அதே வேகம்! அந்த வேகத்திலேயே போனால் 20 டெராபைட்டுக்கு 231 நாள். அதை 50,000 அல்லது 100,000க்கு உயர்த்தினால் படம் பார்க்கிற ஆளுக்குக் கொஞ்சம் திக்கும், அது பரவாயில்லை. மக்ஸ் எண்ட மற்ற எண் 200,000இல் இருக்கும், வேகமான டிஸ்க் எண்டால் அதையும் தூக்கலாம். றெய்ட் 5, 6 எண்டால் ஸ்றைப்_கஷ்_சைஸ் 256இல் கிடக்கும். 8192 ஆக்கினால் நாலு டிஸ்க்குக்கு 128 மெகாபைட் றாம் போகும், அவ்வளவுதான்.

புது டிஸ்க் வாங்கேக்க அது எஸ்எம்ஆர் வகையோ எண்டு கட்டாயம் கேளுங்கோ. ஓட்டுக்கூரை மாதிரி தடங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி எழுதுற முறை அது. ஒரு தடத்தை மாத்த பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேணும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிற்றலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள், வீட்டுச் சேர்வருக்கு எண்டு விற்றவை, இந்த வகை எண்டு தெரியவந்து பெரிய சர்ச்சையானது. மணித்தியாலக் கணக்கில் முடிய வேண்டிய றீபில்ட் நாள்கணக்காக இழுபடும்.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 22 மணித்தியால வேலையை அந்த நாளில் செய்து பாருங்கோ. யூபிஎஸ் ஒண்டு பூட்டி, அது இறங்கமுதல் சேர்வர் தானாக ஒழுங்காக நிக்கிற மாதிரி வைத்தால், எம்டி விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதையும் நான் வேகப்படுத்தல் எண்டுதான் எண்ணுவன்.

எவ்வளவு கெதியாக்கினாலும் றீபில்ட்டால் செய்ய ஏலாதது ஒண்டு இருக்கு. 20 எண்ட அந்தக் கணக்கு எங்கயாவது எழுதியிருக்க வேணும். நூலகத்துக்கு 1998க்குப் பிறகு திரும்பி வந்த புத்தகங்கள் வேற இடங்களில் பிரதி இருந்த புத்தகங்கள். யாழ்ப்பாண வைபவமாலை ஏடும் 1981இல் எரிஞ்சதெண்டு சொல்லுவினம். நூலை நாங்கள் இப்பவும் வாசிக்கலாம், ஏனெண்டால் பிரித்தோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879லும், குல. சபாநாதனின் பதிப்பு 1949லும் அச்சில் வந்திட்டுது. அச்சேறாத ஏடுகளுக்கு அந்த வழி இல்லை. ஒரே பெட்டிக்குள் இருக்கிற நாலு டிஸ்க்கும் நெருப்புக்கு ஒரு டிஸ்க்தான்.

அதனால் டிஸ்க் செத்த உடனே றீபில்ட்டைத் தொடங்காதேங்கோ. மற்றவை இன்னும் உயிரோட இருக்கேக்க, வேற எங்கயும் இல்லாத ஸ்கான்களை முதல்ல வெளியில ஒரு டிஸ்க்குக்கு எடுங்கோ. 200 கிகாபைட் எண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் ஏற்கனவே ஏறினது எது, ஏறாதது எது எண்டு முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்திருந்தால் தேடுற நேரமும் மிச்சம். அந்த போல்டர் வெளியில போன பிறகு எண்களைத் தூக்கி 22 மணித்தியாலத்தைத் தொடங்கலாம்.