தேடப்படாத ஊர்: விடையில்லாத் தேடல்களும் தமிழ் விக்கிப்பீடியாவும்

வாசகர் கேட்க எழுத்தாளர் விடை சொல்வது தமிழ் இதழ்களில் பழைய வழக்கம். குமுதத்தின் 'அரசு பதில்கள்', ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' இரண்டும் வாசகர் கேள்விகளை நம்பியே நடந்தன. அங்கே ஒருவர் கேட்டாலே போதும்; எத்தனை பேர் கேட்டார்கள் என்று யாரும் எண்ணவில்லை. தேடுபொறி வந்தபின் கேள்வி, எண்ணிக்கையாக மாறியது. தேடி ஏமாந்தவரிடம் கேள்வியை வாங்கி, அதை வலைத்தளம் நடத்துவோர் முன் வைக்கும் 'கொஸ்டின் ஹப்' என்ற கருவியை கூகுள் இந்தியா, இந்தோனேசியா, நைஜீரியா ஆகிய நாடுகளில் முதலில் இயக்கியது. 2021இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 2023 தொடக்கத்தில் மூடிவிட்டது. இத்தகைய கருவிகள் தருவது எண்ணப்பட்டவற்றின் பட்டியல். இல்லாதவை அனைத்தும் அதில் வருவதில்லை. பட்டியலில் எழுதுவோரின் கையும் இருந்தபோதுதான் தமிழுக்கு அவற்றால் பயன் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 2009இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு மொழிபெயர்ப்போரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றத் தொடங்கியது. தலைப்புகளை நிறுவனமே தேர்ந்தது. மேலைநாட்டு நடிகர், பாடகர் பற்றிய நெடுங்கட்டுரைகள் வந்து குவிந்தன. அவற்றில் பிழை மலிந்திருந்தது. திருத்தச் சொன்னால் கேட்க ஆளில்லை. தன்னார்வலர்கள் நிறுவனத்தோடு பேசி, தலைப்புக்கும் தரத்துக்கும் நிபந்தனை வைத்தார்கள். அந்த அனுபவத்தைத் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துவைத்தார். பணமும் கருவியும் தாராளமாக இருந்தும் அந்த முயற்சி வேரூன்றவில்லை.

எட்டாண்டு கழித்து அதே நிறுவனம் வேறு வழியில் வந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை, பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையம் ஆகியவற்றோடு சேர்ந்து 2018 மார்ச்சு முதல் மே வரை நடத்திய போட்டியைத் தமிழில் 'வேங்கைத் திட்டம்' என்றார்கள். இந்திய மொழிகளில் தேடப்பட்டும் நல்ல கட்டுரை கிடைக்காத தலைப்புகளை கூகுள் தந்தது. அதோடு அந்தந்த மொழிச் சமூகம் தானே தொகுத்த பட்டியலும் சமமாக ஏற்கப்பட்டது. கட்டுரைக்குக் குறைந்தது 300 சொல் வேண்டும்; பைட் அளவும் உண்டு. (ஒருங்குறியின் UTF-8 குறியாக்கத்தில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட். பைட்டை மட்டும் எண்ணியிருந்தால் தமிழர்களுக்குக் கொண்டாட்டம்தான்.) அம்முறை பஞ்சாபி முதலிடம் பெற, தமிழ் இரண்டாமிடத்தில் நின்றது. 2019-20இல் நடந்த இரண்டாம் சுற்றில் தமிழே முதலிடம். இரண்டு திட்டங்களிலும் நிறுவனம் ஒன்று, தேடல் தரவு கையில் இருந்ததும் அதுவே. மாறியவற்றுள் முக்கியமானது, எழுதியவருக்குத் தலைப்பில் இருந்த உரிமை. விளைவில் கண்ட வேறுபாட்டுக்கு அதையே முதற்காரணமாகக் கொள்கிறேன்.

இனி, தேடல் எண்ணிக்கையால் பட்டியலில் ஏற வழியில்லாத ஓர் ஊரைப் பார்க்கலாம். சங்கரன்கோவில் பக்கத்து மேலநீலிதநல்லூர், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கும் ஊர். தமிழ்நாட்டின் 12,500க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும், விக்கிப்பீடியர் நீச்சல்காரன் உருவாக்கிய தானியங்கி நிரல் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் திறந்தது. ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவிலிருந்து எடுத்த அட்டவணை அப்பக்கங்களில் உண்டு: குடிநீர் இணைப்பு, கைக்குழாய், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஊரணி, சந்தை, சுடுகாடு. யாரும் தேடிக் கேட்டதால் வந்தவை அல்ல இவை. எல்லா ஊருக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று எழுதுவோர் முடிவு செய்ததால் வந்தவை. ஆனால் அந்தத் தரவு எடுக்கப்பட்டபோது மேலநீலிதநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். தானியங்கி பக்கத்தைத் திறக்கும். ஊரின் கதையை எழுத ஆள்தான் வேண்டும்.

'ஆள்பலம் குறைந்த மொழியில், பலர் தேடுவதை முதலில் எழுதுவதுதானே முறை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; நோய், சட்டம், தேர்வு போன்ற பொருள்களில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த எண்ணிக்கையே குறையுள்ளது. தமிழில் தட்டினால் ஒன்றும் வராது என்று பழகியவர் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ தட்டுகிறார். அல்லது தேடுவதையே விட்டுவிடுகிறார். எழுத்து இல்லாததால் தேடல் குறைய, தேடல் குறைந்ததையே காரணம் காட்டி எழுத்து வராமல் போகிறது. செயற்கை நுண்ணறிவே விடை சொல்லும் காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்பது இரண்டாவது தடை. எழுதிவைத்ததிலிருந்துதான் அதுவும் சொல்லும். 2015இன் அட்டவணை மட்டும் இருந்தால், அதையே சற்று நயமாகத் திருப்பிச் சொல்லும்.

தேடுபொறிக்கு வெளியே கேள்விகள் இல்லாமலில்லை. 2004இல் தொடங்கிய கிசான் கால் சென்டரில் உழவர்கள் தம் மொழியிலேயே தொலைபேசியில் கேட்கிறார்கள். பயிர், பூச்சி, விலை பற்றிய அக்கேள்விகள் மாவட்டம், வட்டாரம் வாரியாகப் பதிவாகி, நடுவண் அரசின் திறந்த தரவுத் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்படுகின்றன. மேலநீலிதநல்லூர்க் கல்லூரி மாணவர்கள் தென்காசி மாவட்டத்துப் பதிவுகளை இறக்கி, அதிகம் கேட்கப்பட்டவற்றோடு ஒரே ஒருவர் கேட்டதையும் விடாமல் சேர்த்து, ஒரு தலைப்புப் பட்டியல் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலின் முதல் கட்டுரையை அவர்களே எழுதட்டும்.