காணாத வழியைக் கணக்கால் கண்டவர்

தமனி, சிரை, தந்துகி என்னும் மூவகைக் குருதி நாளங்களையும் சிவப்பு, நீல வண்ணங்களில் வரைந்து காட்டி, ஒரே பாடவேளையில் நாம் முடித்து விடுகிறோம். அந்தப் படம் முழுமை பெற ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தன என்பதற்குப் பாடத்தில் இடம் இருப்பதில்லை.

பண்டைக் கிரேக்க மருத்துவர் சிலர், தமனிகளில் செல்வது காற்றே என நம்பினர். இறந்தார் உடலில் அவை பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்ததே காரணம். (தமனி என்னும் வடசொல்லின் வேருக்கும் ஊதுதல் என்பதே பொருள் என்பதை மொழியாசிரியர் நோக்குக.) கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென், உயிருள்ள விலங்கின் தமனியில் இருப்பது குருதியே எனச் சோதித்து நிறுவினார். ஆயினும், கல்லீரல் உணவினின்று நாளும் புதுக் குருதியை ஆக்குகிறது என்றும், அது வயலில் பாய்ந்த நீர்போல் உறுப்புகளில் சுவறித் தீர்ந்துவிடுகிறது என்றும் கருதினார். இதயத்தின் வலப்புறத்தையும் இடப்புறத்தையும் பிரிக்கும் சுவரில் கட்புலனாகாத துளைகள் உள்ளன என்பதும் அவர் கொள்கையே.

இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு 1242ஆம் ஆண்டளவில் உரை வரைந்த இப்னு நபீஸ், அச்சுவரில் துளையே இல்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றும் மறுத்தெழுதினார். மூலத்தை மறுக்கும் துணிவு உரைகாரர்க்கும் உண்டு! அந்தக் கையெழுத்துப்படி பெர்லின் நூலகத்தினின்று 1924இல்தான் அறிஞர் கவனத்துக்கு வந்தது.

இத்தாலியின் பதுவா நகரில் பாப்ரிசியஸ் என்னும் பேராசிரியர், சிரைகளுக்குள் சிறுசிறு தடுக்கிதழ்கள் இருத்தலைக் கண்டு 1603இல் நூல் வெளியிட்டார். குருதியின் வேகத்தைத் தணிப்பதே அவற்றின் வேலை என்று அவர் எண்ணினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்விக்கோ அவை ஒருவழிக் கதவுகளாகத் தோன்றின. மேற்கையை அளவாகக் கட்டினால் கீழே சிரைகள் புடைக்கும். ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் குருதியை இதயத்தை நோக்கி அடுத்த இதழுக்கு அப்பால் தள்ளுக. இடைப்பகுதி வெறுமையாகவே நிற்கும். மேலிருந்து ஒரு துளியும் இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும்.

இதனினும் வலியது அவருடைய கணக்கு. இதயம் ஒரு துடிப்பில் அரை அவுன்சு குருதியை வெளியேற்றுவதாகவும், அரைமணி நேரத்தில் ஆயிரம் முறை துடிப்பதாகவும் குறைத்தே வைத்துக்கொண்டார். அப்படியும் 500 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 14 லிட்டர், ஆகிறது. உடலில் உள்ள மொத்தக் குருதியே சுமார் 5 லிட்டர்தான். இவ்வளவையும் எந்த உணவு அரைமணியில் ஆக்கித் தரும்? ஆகவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது என 1628இல் வெளியிட்ட நூலில் முடிவு கட்டினார். அதன்பின் அவரை நாடிவந்த நோயாளர் குறைந்தனர் என்று அவரை அறிந்த ஜான் ஆப்ரி குறித்து வைத்துள்ளார். பாரிஸ் நகரத்து ரியோலான் போன்ற அறிஞரும் எதிர்த்தனர்.

எதிர்த்தோர் கையில் ஒரு வலிய வினா இருந்தது: தமனியினின்று சிரைக்குக் குருதி எவ்வழியாகச் செல்கிறது? ஹார்வி கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றை வேகவைத்துப் பிரித்தும் பார்த்தார், வழி புலப்படவில்லை. அவ்வழி இருந்தே தீரவேண்டும் என்பதில் மட்டும் அவர் தளரவில்லை.

தமனியின் சுவர் தசையும் மீள்தன்மையும் உடையது. இதயத்தின் உந்துதலைத் தாங்குவது. சிரையின் சுவர் மெல்லியது. தந்துகியின் சுவரோ ஒரே உயிரணுத் தடிப்பே உடையது. அதனாலன்றோ உயிர்வளியும் ஊட்டமும் அதன் வழியே கசிந்து திசுவைச் சேர்கின்றன. சிவப்பணுக்கள் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாகவே நுழைந்து செல்லும். வெறுங்கண்ணுக்கு அது எங்ஙனம் தெரியும்? 1661இல் பொலோனாவைச் சேர்ந்த மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்காடியில் நோக்கி, அந்த நுண்குழாய்களைக் கண்டார். ஹார்வி இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.